வெர்டீன் சிரித்த வழக்கு

டெல்ஃபீன் நகர சபைக் கூட்டத்தில் சிரித்ததற்காகக் கைதான முதல் ஆள் வெர்டீன் நார்சிஸ்தான். அந்தச் சபையில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு இத்தனை வருஷம் யாரும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது எப்படி என்பதுதான் ஆச்சரியம்.

டெல்ஃபீன் இருக்கும் அமெரிக்காவின் லூசியானாவில் மழைக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு நடுவே ஓடும் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள், இந்தப் பக்கம் கறுப்பர்கள் இருந்தார்கள். மழைத்தண்ணீர் மட்டும் என்ன காரணத்தாலோ இந்தப் பக்கம்தான் வந்து தங்கும். அதிலும் டுபெலோ தெரு என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம். அந்தத் தெருவில்தான் வெர்டீனின் வீடு. வீட்டின் முன்பகுதியே அவளுடைய முடி அலங்கார சலூன். அறுபது வயது தாண்டியும் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்வாள். கணவன் ஒக்டேவ் கரும்பாலையில் உழைத்து ஓய்வுபெற்றவன். இப்போது மீன்பிடிப்பதும், பிடித்ததைக் கழுவி உறைபெட்டியில் அடுக்குவதும், அடுக்கியதை எண்ணிப் பெருமைப்படுவதும்தான் அவன் வேலை.

மேயர் ஹார்லன் ட்ராஹனுக்கு ஜோக் சொல்லப் பிடிக்கும். ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு ஜோக்கோடுதான் தொடங்குவார். முன்வரிசையில் அவருடைய மைத்துனரும் நண்பர்களும் உட்கார்ந்து அதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள் மாதிரி சிரிப்பார்கள். மைத்துனர் உண்மையிலேயே சம்பளம் வாங்கினார். டுபெலோ தெருவின் வடிகால் வேலை ஒப்பந்தம் அவருடையதுதான்.

அன்றைக்கு மேயர் தன் வேட்டை நாயையும் தன் மனைவியையும் ஒப்பிட்டு ஒரு ஜோக் சொன்னார். முன்வரிசை தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தது. யாரும் அவர்களுக்கு விலங்கு மாட்டவில்லை. பிறகு மேயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிக்கையை வாசித்தார்.

"டுபெலோ தெருவுல வடிகால் வேலை முழுசா முடிஞ்சாச்சு. இனிமே அங்க ஒரு தவளை நீந்தணும்னாலும் நகர சபைகிட்டதான் அனுமதி வாங்கணும்."

மூன்றாவது வரிசையில் வெர்டீன் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தாள். அன்று காலையில்தான் மழை பெய்திருந்தது. அவள் வீட்டு வாசலிலிருந்து தெருமுனைவரை தண்ணீரில் நடந்து, அங்கே நிறுத்தியிருந்த காரில் ஏறி வந்திருந்தாள். பூட்ஸிலிருந்து வழிந்த சேறு சபையின் மெழுகிட்ட தரையில் ஒரு சின்னக் குளமாகத் தேங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் குளத்தைப் பார்த்தாள். மேயரைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

வெர்டீனின் சிரிப்பு அடக்கமான சிரிப்பல்ல. அது அடிவயிற்றில் புறப்பட்டு, வழியில் ஆள் சேர்த்துக்கொண்டு ஊர்வலமாக வெளியே வரும். தேவாலயத்தில் அவள் சிரித்தால் போதகர் பிரசங்கத்தை நிறுத்தி, தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பார். மேயரால் காத்திருக்க முடியவில்லை. மரச் சுத்தியலால் மேசையைத் தட்டினார்.

"மிஸ் வெர்டீன், இது நகர சபை. உங்க சலூன் இல்ல."

"தெரியுது மேயர். என் சலூன்ல தண்ணி நிக்குது. இங்க காய்ஞ்சு கிடக்குது."

இப்போது பின்வரிசைகளும் சிரித்தன. மேயரின் காது சிவந்தது.

"இந்தம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்க. கூட்டத்துக்கு இடைஞ்சல் பண்ணதா கேஸ் போடுங்க."

கதவருகே நின்ற போலீஸ்காரன் டெவன் ஆர்செனோவைச் சின்னப் பையனாக இருந்தபோதே வெர்டீனுக்குத் தெரியும். அவன் அம்மா இறந்தபோது, சவப்பெட்டியில் கிடந்தவளுக்குக் கடைசியாகத் தலைவாரி விட்டது வெர்டீன்தான். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் வந்து நின்றான்.

"மிஸ் வெர்டீன், மன்னிச்சிடுங்க. கைய கொஞ்சம் பின்னால வைங்க."

"நெசமாவா டெவன்?"

"அவரு பாத்துட்டே இருக்காரு, மேடம்."

அப்போதும் அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. போலீஸ் காரில்தான் நின்றது.

சிறையில் அவள் தன்னையே ஏதும் செய்துகொண்டுவிடக் கூடாது என்ற அக்கறையில் காதணிகளைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு கொண்டை ஊசிகளை. ஒவ்வொன்றாக உருவி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார்கள். அவள் தலைமுடி கலைந்து ஒரு பக்கமாகச் சரிந்தது. அந்தக் கோலத்தில் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பொழுது சாயும் முன்பே ஒக்டேவ் வந்து ஜாமீனில் அழைத்துப் போய்விட்டான். ஆனால் படம் அவளுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. சிறை நிர்வாகம் கைதானவர்களின் முகங்களை இணையத்தில் போடும் பழக்கமுடையது. திருடனுக்கும் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனுக்கும் நடுவில் வெர்டீன் நார்சிஸ் இருந்தாள், தலைவிரிகோலமாக.

முப்பது வருஷமாக ஒரு பெண்ணைக்கூடத் தலை கலைந்த நிலையில் தன் வாசற்படி தாண்ட விடாதவள் அவள். விலங்கு மாட்டியது, கேஸ் போட்டது எல்லாவற்றையும் ஒருமாதிரி விழுங்கிவிட்டாள். அந்தப் படம் மட்டும் தொண்டையிலேயே நின்றது. வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்திருந்தார்கள் என்பது அவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இருந்ததிலேயே தெரிந்தது. சலூனில் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. ஒக்டேவ் இதைக் கவனித்தான். அடிக்கடி உறைபெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டான்.

அரசு வழக்கறிஞர் கூட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பார்த்தார். ஒரே வரியில் கேஸை வாபஸ் வாங்கினார். இணையத்திலிருந்து படத்தை நீக்கச் சொல்லி வெர்டீன் அவர் அலுவலகத்துக்குப் போனபோது, அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். நகராட்சிக்குப் போனாள். சிறையைக் கேளுங்கள் என்றார்கள். சிறைக்குப் போனாள். நகராட்சியைக் கேளுங்கள் என்றார்கள். மேயரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஆள் அனுப்பினாள். மன்னிப்புதானே, தாராளமாக வந்து கேட்கட்டும், மன்னித்துவிடுகிறேன் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

அதன்பிறகுதான் வெர்டீன் வழக்குப் போடுவது என்று முடிவெடுத்தாள். பேச்சுரிமையைப் பறித்ததாக மேயர்மீதும் ஊர்மீதும் ஃபெடரல் நீதிமன்றத்தில் சிவில் உரிமை வழக்கு. வக்கீல் தேடினாள். முதல் வக்கீல் மேயரோடு கோல்ஃப் ஆடுகிறவர். இரண்டாமவர் வழக்கு அருமையானது, கொள்கை அருமையானது என்று வெகுநேரம் பாராட்டிவிட்டு, "ஆனா உங்களுக்கு எலும்பு எதுவும் முறியலையே" என்று வருத்தப்பட்டார். மூன்றாமவர் திரும்ப அழைப்பதாகச் சொன்னார். இன்றுவரை அழைத்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் அவளே நூலகத்தில் உட்கார்ந்து, முன்மாதிரி மனு ஒன்றை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்ததை எழுதிப் போட்டாள்.

ஊருக்காக வாதாட ப்ரூயிட் என்ற வக்கீல் வந்தார். அவர் மனுவைத் தள்ளுபடி செய்யச் சொன்னார். நீதிபதி பல மாதம் யோசித்துவிட்டுத் தள்ளுபடி செய்தார். அந்தத் தீர்ப்பை வெர்டீன் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். சிரிப்பு என்பது உடலில் தானாக நிகழும் ஒரு சத்தம், அதில் குறிப்பிட்ட கருத்து எதுவும் இல்லை, ஆகவே அது பேச்சு ஆகாது, ஆகவே பேச்சுரிமையும் பறிபோகவில்லை என்றார் நீதிபதி. அப்படியே பறிபோயிருந்தாலும் மேயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஏனென்றால் சபையில் சிரிக்கும் பெண்ணைக் கைதுசெய்வது தவறு என்று இதற்கு முன் எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை. அதாவது இப்படி ஒரு காரியத்தைச் செய்யும் அளவுக்கு இதற்கு முன் எந்த மேயருக்கும் புத்தி போகவில்லை, ஆகவே முதலில் செய்தவருக்குச் சலுகை.

"விடு வெர்டீன்" என்றான் ஒக்டேவ். "மழையோட சண்ட போட முடியுமா?"

"மழையோட போடல. மேயரோட போடறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் மேலருந்து வருது."

"என் சிரிப்புக்கு அர்த்தம் இல்லைன்னு எழுதியிருக்கான் அந்த நீதிபதி. நாப்பது வருஷமா என்கூட குடும்பம் நடத்துற. நீ சொல்லு, என் சிரிப்புக்கு அர்த்தம் இல்லையா?"

ஒக்டேவ் யோசித்தான். "எனக்கு எதிரா சிரிச்சப்பல்லாம் இருந்திருக்கு."

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம். அறிவிப்பைத் தாக்கல் செய்ய நீதிமன்றக் கவுன்டருக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள். முகம் நிறையப் புன்னகை வைத்திருந்தாள். அதைத் தவிர வேறு எதுவும் கொடுக்க அவளுக்கு அனுமதி இல்லை.

"இத இங்கதான் குடுக்கணுமாம்மா?"

"அத நான் சொன்னா சட்ட ஆலோசனை ஆயிடும் மேடம்."

"சரி, நான் இத இங்க வெச்சிட்டுப் போனா நீ என்ன பண்ணுவ?"

"முத்திர குத்துவேன்."

"அப்ப குத்து."

பிறகு தன் வாதங்களை எழுத்தில் தரும் வாதுரையை எழுத வேண்டும். எழுத்து எந்த அளவு, ஓரம் எவ்வளவு, அட்டை என்ன நிறம் என்றெல்லாம் விதி இருந்தது. மேல்முறையீடு செய்பவருக்கு நீல அட்டை. எதிராளிக்குச் சிவப்பு. நீதி கிடைக்குமா என்பதற்கு மட்டும் எந்த நிறமும் ஒதுக்கியிருக்கவில்லை. வெர்டீன் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் முடிந்து வந்து, மூடிய சலூனில், முடி உலர்த்தும் இயந்திரத்துக்குக் கீழே உட்கார்ந்து எழுதினாள். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்பது அவள் கட்சி. முதல் வாதுரை திரும்பி வந்தது. எழுத்து சிறியது. இரண்டாவதும் திரும்பி வந்தது. பொருளடக்கம் இல்லை, எதிர்த்தரப்புக்கு நகல் அனுப்பியதாகச் சான்று இல்லை. மூன்றாவது முறை எழுத உட்கார்ந்தபோது அவள் பேனாவைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். அது போய் ஷாம்பூ தொட்டியில் விழுந்தது.

அந்த வாரம்தான் பெருமழை பிடித்தது. முழுசாக முடிந்துபோன வடிகால் தண்ணீரை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டது. தண்ணீர் சலூனுக்குள் வந்து, சமையலறைக்குள் வந்து, பின்கட்டில் இருந்த உறைபெட்டியின் மோட்டாரைத் தொட்டது. மறுநாள் ஒக்டேவ் மூடியைத் திறந்தான். ஒரு பருவம் முழுக்கப் பிடித்த மீனும், இறாலும், தம்பி அனுப்பிய மான்கறியும் இளகி ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அவன் மூடியைச் சாத்திவிட்டு வெகுநேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து வந்தான்.

"அந்த வாதுரை எங்க?"

"எதுக்கு?"

"எடுத்துட்டு வா. நான் வாசிக்கறேன்."

வாசித்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"இங்க மேயர 'பொய்மூட்டை'ன்னு எழுதியிருக்க."

"ஆமா."

"அத எடுத்துடு."

"அது உண்மைதானே."

"உண்மைதான். ஆனா நீதிபதிங்களுக்கு அத அவங்களே கண்டுபிடிச்சாதான் திருப்தியா இருக்கும். நம்ம சொன்னா கோவம் வரும். எங்க ஆலை மேனேஜருங்க எல்லாம் அப்படித்தான்."

அவள் எடுத்தாள். மைத்துனரைப் பற்றி எழுதிய ஒரு முழுப் பக்கத்தையும் எடுத்தாள், உயிரே போகிற மாதிரி. அதற்குப் பதிலாக ஒக்டேவ் ஒன்று கேட்டான். "அன்னைக்கு மேயர் ஜோக் சொன்னப்ப முன்னால இருந்தவனுங்க சிரிச்சானுங்களே. அத எழுதுனியா?"

"முதல் மனுவுலயே எழுதியிருக்கேன். மூணாம் பக்கம். யாரு படிச்சா?"

"அப்ப முதல் பக்கத்துல எழுது."

எழுதினாள். ஒக்டேவ் நகல் கடைக்குப் போய் நீல அட்டை போட்டு, பைண்டிங் செய்து, தபாலில் சேர்த்தான். அட்டையின் நீலம் சரியான நீலமா என்று நகல் கடைக்காரரிடம் அவன் போட்ட சண்டையைப் பற்றி அந்தக் கடைக்காரர் இன்னும் பேசுகிறார்.

வக்கீல் இல்லாதவர்களைப் பெரும்பாலும் நேரில் வரச் சொல்வதில்லை. காகிதத்தை வைத்தே முடித்துவிடுவார்கள். ஆகவே மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து நேரில் வாதாடும்படி உத்தரவு வந்தபோது ஒக்டேவ் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வேற யாருக்கோ வந்தத நமக்குப் போட்டுட்டாங்க போல."

"என் பேருதான் இருக்கு."

"அப்ப உனக்கு ஒரு நல்ல துணி வாங்கணும்."

தேவாலயத்தில் அணியும் ஊதா நிற உடையைப் போட்டுக்கொண்டு போனாள். தலையை அவளே அலங்காரம் செய்துகொண்டாள். அத்தனை ஊசிகள் குத்தியிருந்தாள் என்றால், நீதிமன்ற வாசலில் உலோகம் கண்டறியும் கருவி அவளைப் பார்த்துக் கத்தி ஓயவில்லை. காவலர் ஊசிகளை எடுக்கச் சொல்வாரோ என்று அவள் கொண்டையைக் கையால் பொத்திக்கொண்டாள். அவர் கையிலிருந்த சின்னக் கருவியைத் தலைக்கு மேல் ஒருமுறை சுற்றிவிட்டு, "அழகா இருக்கு மேடம்" என்று உள்ளே விட்டார். வெர்டீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாதாட வந்த இடத்தில் வாசலிலேயே அழுதுவிட்டால் நன்றாகவா இருக்கும் என்று ஒக்டேவின் கைக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

மூன்று நீதிபதிகள். நடுவில் நரைத்த தலையோடு ஒரு பெண். இடப்பக்கம் நிமிர்ந்தே பார்க்காத ஒருவர். வலப்பக்கம் வயதில் இளையவர், பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கொடுத்தது பதினைந்து நிமிஷம். எழுதிக்கொண்டு போன தாளைப் பார்த்தாள். எழுத்துகளெல்லாம் எறும்புகளாகத் தெரிந்தன. வடிகாலைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். எந்த வருஷம் தோண்டினார்கள், எந்தக் குழாய் போட்டார்கள், உறைபெட்டியில் என்னென்ன மீன் இருந்தது என்பதுவரை வந்துவிட்டாள். பின்னால் ஒக்டேவ் இருமினான். மீனைப் பற்றிச் சொன்னதற்கா, நிறுத்தச் சொல்வதற்கா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நடுவில் இருந்த நீதிபதி மெதுவாகக் குறுக்கிட்டார்.

"மிஸஸ் நார்சிஸ், மீனுக்காக வருத்தப்படறேன். ஆனா எங்க முன்னால இருக்கறது சிரிப்பு."

"ஆமாங்க அம்மா. மன்னிச்சிடுங்க."

பென்சில் கடித்தவர் முன்னால் சாய்ந்தார். "கீழ்க்கோர்ட்ல உங்க சிரிப்புக்கு எந்தக் கருத்தும் இல்லைன்னு சொல்லியிருக்காங்க. நான் நேராவே கேக்கறேன். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்?"

வெர்டீன் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"மேயர் சொன்னது பொய்னு அர்த்தம் அய்யா."

"அது அங்க இருந்தவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்னு எப்படிச் சொல்றீங்க?"

"என் பூட்ஸ்ல சேறு இருந்துச்சு. எல்லாரும் பாத்தாங்க. எல்லாருக்கும் புரிஞ்சுது. முதல்ல புரிஞ்சது மேயருக்குத்தான். அர்த்தம் இல்லாத சத்தத்துக்கு யாராவது போலீஸக் கூப்பிடுவாங்களா? அதே ஹால்ல ஒருத்தரு அன்னைக்குப் பெரிய ஏப்பம் விட்டாரு. அவர யாரும் ஒண்ணும் பண்ணல."

இடப்பக்க நீதிபதி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

அவள் தொடர்ந்து, மேயரின் ஜோக்குக்குச் சிரித்தவர்களைப் பற்றிச் சொன்னாள். அவரோடு சேர்ந்து சிரிக்கலாம், அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்றால் அதற்குப் பெயர் சபை ஒழுங்கல்ல என்றாள். வேறு என்ன பெயர் என்பதைச் சொல்ல வாயெடுத்தாள். ஒக்டேவ் மறுபடி இருமினான். உட்கார்ந்துவிட்டாள்.

ப்ரூயிட் எழுந்தார். நல்ல சூட். நல்ல குரல். நீதிமன்றம் என்பதே தனக்காகக் கட்டப்பட்டது போன்ற நடை. சபையின் கண்ணியத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நடுவில் இருந்தவர் கேட்டார்.

"மிஸ்டர் ப்ரூயிட், வீடியோவ நாங்க பாத்தோம். மேயர் நாயப் பத்திச் சொன்னப்ப முன்வரிசை ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அவங்கள ஏன் கைது பண்ணல?"

"அது சபையின் ஒழுங்குக்கு உட்பட்ட சிரிப்பு, யுவர் ஆனர்."

"ஒழுங்குக்கு உட்பட்ட சிரிப்புன்னு ஊர்ச் சட்டத்துல எந்தப் பிரிவுல இருக்கு?"

"குறிப்பா பிரிவு எதுவும்..."

"எவ்வளவு நேரம் சிரிக்கலாம், எந்த ராகத்துல சிரிக்கலாம்னு எழுதியிருக்கா?"

"இல்லை, யுவர் ஆனர். ஆனால் மேயர் தன் விருப்புரிமையின்படி..."

"அதத்தான் கேக்கறேன். எந்தச் சிரிப்பு பிடிக்குதோ அது ஒழுங்கு. பிடிக்காதது குற்றம். அப்படித்தானே?"

ப்ரூயிட் சட்டப் பாதுகாப்புக்குத் தாவினார். இதே மாதிரி ஒரு முன்வழக்கு கிடையாது என்றார். பென்சில்காரர் கேட்டார்: "ஒரு மேயர், ஒரு தவளை, ஒரு சிரிப்பு, மூணும் சேந்து வந்த வழக்கு இருந்தாத்தான் அவருக்குப் புரியுமா? தன்ன விமர்சிக்கறவங்கள ஜெயில்ல போடக்கூடாதுன்னு தெரிஞ்சுக்க அவருக்கு எத்தன வழக்கு வேணும்?" ப்ரூயிட் தண்ணீர் குடித்தார். அவருக்கு இன்னும் நிறைய நேரம் மிச்சமிருந்தது. அதை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் வெர்டீன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"மீனப் பத்திப் பேசிட்டேனே, ஒக்டேவ்."

"நல்லாத்தான் பேசுன. ஆனா கெளுத்திய மறந்துட்ட."

தீர்ப்பு வசந்தகாலத்தில் வந்தது. வெர்டீன் வாடிக்கையாளர் ஒருத்தியின் முடிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். ஒக்டேவ் உறையோடு வாசலில் வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் சாயத்தைப் பாதியில் விட்டால் முடி கருகிவிடும் என்று, அலசி, துடைத்து, உலர்த்தி, அந்தப் பெண்ணை வழியனுப்பிவிட்டுத்தான் கையைக் கழுவினாள். தள்ளுபடி ரத்து. மூன்று பேரும் ஒருமனதாக. சிரிப்புக்கும் கருத்து இருக்கலாம், இந்தச் சிரிப்புக்கு நிச்சயம் இருந்தது, மேயர் அதைப் புரிந்துகொண்டதாகவே தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். யாரிடம்? சிரிப்பு பேச்சு ஆகாது என்று சொன்ன அதே நீதிபதியிடம்தான்.

அவள் அந்தத் தாளை மார்போடு வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். சந்தோஷம்தான். ஆனால் முதுகெல்லாம் வலித்தது. இத்தனை மாதமும் வலித்திருக்க வேண்டும், இப்போதுதான் அதைக் கவனிக்க நேரம் கிடைத்தது போல.

அந்த வாரமே மூன்று வக்கீல்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். அதில் ஒருவர் எலும்பு முறியவில்லையே என்று வருத்தப்பட்டவர். தொடக்கத்திலிருந்தே இந்த வழக்கில் தனக்கு நம்பிக்கை இருந்ததாகச் சொன்னார்.

"எங்க வெச்சிருந்தீங்க அந்த நம்பிக்கைய?" என்று கேட்டாள் வெர்டீன்.

ஆனாலும் நியூ ஆர்லியன்ஸிலிருந்து கட்டணமில்லாமல் வாதாட முன்வந்த ஓர் இளம் வக்கீலுக்குச் சரியென்று சொல்லிவிட்டாள். ஒக்டேவுக்கு அது பிடிக்கவில்லை. கட்டி முடித்த வீட்டுக்கு வந்து கதவைத் திறந்துவிட ஒரு ஆளா என்று கேட்டான். "எனக்கு இனிமே ஓரம் அளக்க முடியாது" என்றாள் அவள். "அட்ட நிறத்துக்காகச் சண்ட போட உனக்கும் வயசில்ல."

வழக்கு விசாரணைவரை போகவில்லை. விசாரணை என்றால் மேயர் சாட்சிக் கூண்டில் ஏறவேண்டும், டெவன் ஆர்செனோவும் ஏறவேண்டும். டெவன் நடந்ததை நடந்தபடி சொல்வதாகத் தன் மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டான். அதற்கு மறுநாளே ஊருக்குக் காப்பீடு செய்திருந்த நிறுவனம் சமாதானம் பேச வந்தது. ஒரு தொகை கொடுத்தார்கள். அதில் ஒரு பகுதி புது உறைபெட்டியானது. சபையில் பொதுமக்களைக் கைதுசெய்வதற்கு விதிமுறை எழுதினார்கள். சிறையின் இணையப் பக்கத்திலிருந்து படத்தை நீக்கினார்கள். அதைச் செய்ய ஓர் ஆளும் ஒரு நிமிஷமும்தான் தேவைப்பட்டிருக்கிறது.

மன்னிப்புக் கேட்க மேயர் ஒப்புக்கொள்ளவில்லை. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு 'வருத்தம்' என்ற சொல்லுக்கு இறங்கி வந்தார். அதைச் சபையில் எழுந்து நின்று, மருந்துக் குப்பியின் பின்பக்கத்தில் உள்ளதை வாசிப்பதுபோல் வாசித்தார். அன்று ஜோக் எதுவும் சொல்லவில்லை. இலையுதிர்காலத் தேர்தலில் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. மறுபடி மேயரானார். வடிகால் வேலை இந்த முறை மைத்துனருக்குக் கிடைக்கவில்லை. மைத்துனரின் மகனுக்குக் கிடைத்தது.

வெர்டீன் அடுத்த மாதக் கூட்டத்துக்கும் போனாள். பேச விரும்புகிறவர்கள் பெயர் எழுதும் தாள் வாசலில் இருந்தது. அன்று தாளுக்குப் பக்கத்தில் நின்றது டெவன். அவள் எழுதுவதை எட்டிப் பார்த்தான்.

"இன்னைக்கு எதப் பத்தி மிஸ் வெர்டீன்?"

"தெருவிளக்கு. தேவாலயத்துக்கு முன்னால மூணு மாசமா எரியல."

"எங்க அத்தையும் அதத்தான் சொல்லிட்டிருந்தாங்க."

"அப்ப அவங்களையும் வரச் சொல்லு. தனியா பேசி எனக்கு அலுத்துப்போச்சு."

பெயரை எழுதி முடித்து, உள்ளே போய், இரண்டாவது வரிசையில் இடம் பிடித்தாள். ஒக்டேவ் காரை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முன்வரிசை இன்னும் நிரம்பவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு இருவரும் எழுந்து அங்கே மாறி உட்கார்ந்தார்கள்.